உச்சி உருமத்தில் கேட்ட சொல்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். 'நர்சம்மா, காடு மேடெல்லாம் தனியாக அலைந்தேன் என்று வாராவாரம் அளக்கிறீர்களே, ஒரு பேய் பிசாசைக்கூடவா பார்த்ததில்லை?' என்று கேட்கிறார்.

பார்த்ததில்லை தாயே. கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை. செண்பகத்தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையில், சித்திரை வெயிலில், பன்னிரண்டு பன்னிரண்டரை இருக்கும். சுற்றிலும் ஒரு ஈ காக்கை கிடையாது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"நில்லு."

நான் நிற்கவில்லை. அன்றைக்கு நிற்காமல் போனதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கார்டு போட்ட புண்ணியவதி கிளறிவிட்டார்.

தோளில் ஐஸ், வாயில் புளியங்கொட்டை

இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிக்கிறீர்கள் என்றால், நான் எஸ்தர். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையடிவாரக் குடியிருப்புகளுக்குக் கிராம சுகாதார நர்சாக இருந்தேன். வயது இருபத்து நான்கு. வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு தடுப்பூசிப் பெட்டி, கையில் ஒரு துணிப்பை.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்து கெட்டுப் போகாமலிருக்க அதற்குள் ஐஸ் போட்டுத் தருவார்கள். காலையில் கட்டியாக இருக்கும். வெயில் ஏற ஏற உருகி, நடக்கும்போது உள்ளே 'களக் களக்' என்று சத்தம் போடும். நான் ஒரு அடி வைத்தால் அது ஒரு தடவை களக் என்னும். யாரோ கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கும். முதல் மாதம் பயந்தேன். பிறகு அதையே துணையாக வைத்துக்கொண்டேன்.

துணிப்பைக்குள் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள். வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் நீர் வற்றிச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் கொடு என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. கலக்கியதும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. அதுதான் அளவு.

வ. புதுப்பட்டியில் ஒரு நாள் இப்படித்தான் கலக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். "வெயில்ல வேல செய்றவுக எல்லாரும் அடிக்கடி தண்ணி குடிக்கணும். தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. நாக்கு ஒட்டுனா உடம்புல தண்ணி இல்லன்னு அர்த்தம்" என்று நீட்டி முழக்கினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நர்சம்மா, நீங்க குடிக்கலியா? உதடு வெடிச்சுக் கெடக்கே."

"நான் டூட்டில இருக்கேன்" என்றேன்.

எப்படிப்பட்ட பதில் பாருங்கள்! கூட்டமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது.

உண்மையான காரணத்தை அங்கே சொல்ல முடியாது. காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் எனக்குத் தண்ணீர். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க எங்கே போவது? ஆண்கள் எந்த வேலியோரத்திலும் நின்றுகொள்வார்கள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போகிற நர்சை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். நான் மட்டுமில்லை. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான், பள்ளிக்கூட டீச்சர்களும் அப்படித்தான். ஒருத்தியிடமிருந்து ஒருத்தி கற்றுக்கொண்ட வித்தை. வாயில் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தாகம் தெரியாது. என் பர்சில் எப்போதும் நான்கைந்து கொட்டை கிடக்கும்.

தோளில் ஐஸ், பையில் உப்புச் சர்க்கரை, வாயில் புளியங்கொட்டை. ஊருக்கெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது.

பேச்சியம்மாவின் கணக்கு

மலையடிவாரத்தில் தோப்பு வேலைக்கு வந்து தங்கிவிட்ட இருபது முப்பது குடும்பங்கள் இருந்தன. அங்கே எனக்கு ஒத்தாசை பேச்சியம்மா. என் வயதுதான் அவளுக்கும். ஆனால் மூன்று பிள்ளை பெற்று, இரண்டு மாடு வளர்த்து, உலகத்தில் உள்ள அத்தனை பேய்களையும் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தாள். நான் ஊசி போடும் நாளில் தாய்மார்களை வீடு வீடாகப் போய் இழுத்து வருவது அவள்தான்.

உச்சி வெயில் நேரத்தை அவள் 'உச்சி உருமம்' என்பாள். காலடியில் நிழல் சுருண்டு கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் தனியாக வராதீர்கள் என்று வந்த நாள் முதலாய் அனத்துவாள்.

"உருமத்துல பின்னால இருந்து யாரு கூப்ட்டாலும் திரும்பாதீக நர்சம்மா. மூணு தடவ கூப்ட்டாத்தான் மனுசன். அது ரெண்டு தடவைக்கு மேல கூப்டாது."

"எது?"

"அதுதான்."

"நான் வேதக்காரி. எனக்கு அதெல்லாம் கிடையாது பேச்சியம்மா."

"அதுக்கு என்ன வேதம் தெரியும்? கூப்ட்டா நிக்கிறவுகளப் புடிக்கும். அம்புட்டுதான்."

நான் சிரிப்பேன். ஆனால் 'மூன்று தடவை' என்ற கணக்கு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜெபத்தை விட வேகமாக இதெல்லாம் மனசில் ஏறிவிடும்.

அந்த மத்தியானம்

அன்றைக்கு பஸ் தாமதம். எட்டரைக்கு வர வேண்டியது பத்தரைக்கு மேல் வந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. சேலை முந்தானையை முக்காடாகப் போட்டு, முகத்தில் வெயில் படாமல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பாதி தூரத்தில் ஒரு காய்ந்த ஓடை குறுக்கே வரும். ஓடைக்கரையில் பெரிய மருதமரம். அதைத் தாண்டுவதற்குச் சற்று முன்னால் எனக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. 'பரவாயில்லையே, வெயில் தணிந்துவிட்டது போல' என்று நினைத்தேன். நர்ஸ்! படித்தவள்! பரீட்சையில் எழுதியவள்!

அடுத்து, கையில் மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. அந்தத் தீயில் எனக்குக் குளிர்ந்தது. பின்கழுத்தில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது.

அதுவரை விடாமல் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே அடியாக நின்றன. காது அடைத்துக்கொண்டது. என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பெட்டி மட்டும் களக், களக் என்றது. அதுவும் என் தோளிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. நாலடி பின்னாலிருந்து வருவதாகத் தெரிந்தது.

பாதை கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. தூரத்தில் மலை தரையை விட்டு எழும்பி நின்றது. மருதமரத்தின் நிழல் மரத்துக்குக் கீழே இல்லாமல் வேறெங்கோ கிடந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

மரத்தைத் தாண்டிப் பத்தடி போயிருப்பேன்.

"நில்லு."

தெளிவில்லாத குரல். தொண்டையிலிருந்து வரவில்லை, தரைக்கடியிலிருந்து வந்தது போலிருந்தது. ஆண்குரல். காய்ந்த குரல்.

கால் தானாக நின்றுவிடப் பார்த்தது. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வாயிலிருந்த புளியங்கொட்டையை எப்போது விழுங்கினேன் என்று தெரியாது.

"நில்லு..."

இரண்டு.

மூன்றாவது தடவை வருகிறதா என்று கேட்க நான் அங்கே இல்லை. ஓடினேன். முக்காடு முகத்தில் விழ, பெட்டி விலாவில் இடிக்க, தெரிந்த ஜெபத்தையெல்லாம் தலையும் வாலுமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஓட ஓட அந்தக் களக் சத்தமும் கூடவே ஓடி வந்தது.

இரண்டு சொம்பு

பேச்சியம்மா வீட்டு வாசலில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. அவள் என் தலையில் தண்ணீரைக் கொட்டினாள். பழைய சோற்று நீத்தண்ணியில் உப்புப் போட்டு சொம்போடு வாயில் வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டேன். அதையும் குடித்தேன். அப்புறம்தான் வியர்த்தது. செத்த நேரத்தில் மலை தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றது.

நடந்ததைச் சொன்னேன்.

"திரும்பிப் பாத்தீகளா?"

"இல்ல."

"எத்தன தடவ கூப்ட்டுச்சு?"

"ரெண்டு."

பேச்சியம்மா தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் சொன்னேன்ல! நல்லவேள, பொழச்சீக."

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து முடித்தேன். திரும்பும்போது அந்த ஓடை வழியாகப் போக மனசில்லை. விறகு ஏற்றிப் போன ஒரு மாட்டுவண்டியில் வேறு பாதையில் போய் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது பேச்சியம்மா ஓடி வந்தாள்.

"நர்சம்மா, தெரியுமா? அன்னைக்கு நீங்க போன பொறவு ஓடைக்குள்ள ஒரு ஆளு கெடந்தாராம். ஆடு மேய்ச்சவுக பாத்துருக்காக. கண்ணு சொருகி, பேச்சு மூச்சு இல்லாம. வண்டியில போட்டு சீவில்லிப்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாகளாம். ராசபாளையத்து ஆளாம்."

"பொழச்சாரா?"

"தெரியல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்கள நில்லுன்னு சொல்லிப் பாத்துருக்கு. நீங்க நிக்கல. அவரப் புடிச்சுருச்சு."

எந்த ஓடை, எந்த மரம் என்று கேட்கவே எனக்குத் தைரியம் இல்லை. கேட்காமலே தெரிந்தது.

ஆனால் மனசு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? ஒரு வக்கீல் வைத்து வாதாடியது. தாகத்தில் கிடக்கிற ஆள் என்ன சொல்வான்? 'தண்ணி' என்பான். 'அம்மா' என்பான். 'காப்பாத்துங்க' என்பான். 'நில்லு' என்று மொட்டையாக அதட்டுவானா? மாட்டான். ஆகவே நான் கேட்டது அந்த ஆளின் குரல் இல்லை. ஆகவே நான் யாரையும் விட்டுவிட்டு ஓடவில்லை. பேயாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பேயை நம்பாத எஸ்தர், அது பேயாக இருக்க வேண்டும் என்று ஆறேழு வருஷம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

குழாயடியில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி ராஜபாளையத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு மில்லில் பிட்டர் வேலை. நானும் மாற்றல் வாங்கிக்கொண்டேன். நாங்கள் குடியிருந்த தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெளியே நம்மிடம் நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவார்கள். அடுத்த வீட்டு லட்சுமியக்கா தமிழில் சண்டை போட்டால் தெருவே அடங்கிவிடும்.

கோடையில் குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை. அதுவும் உச்சி வெயிலில்தான் திறந்துவிடுவார்கள். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு ஆளாளுக்கு நிழல் தேடி ஒதுங்கியிருப்போம்.

குடி வந்த முதல் வாரம். நான் தெருவின் நடுவில், இன்னொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"நில்லு! நில்லு!"

அப்படியே நின்றேன். கையில் மயிர் குத்திட்டது. காது அடைத்தது. என்னைத் தாண்டிக்கொண்டு பத்துப் பெண்கள் குழாயைப் பார்க்க ஓடினார்கள். நான் அசையவில்லை.

"ஏட்டி எஸ்தரு! என்னட்டி அங்கயே நிக்க? ஒன் கொடத்தத் தள்ளிவிட்டுப் புடிக்காளுக, ஓடியா!" லட்சுமியக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்கதான நில்லுன்னு சொன்னீக?"

"நான் எங்க சொன்னேன்?"

"இப்பக் கத்தினீகள்ல, நில்லு நில்லுன்னு."

லட்சுமியக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட கிறுக்கு! நில்லு இல்லட்டி, நீள்ளு. எங்க பாசையில தண்ணி. தண்ணி வந்துருச்சுன்னு கத்துனேன்."

இடுப்பிலிருந்த குடம் விழவில்லை. சினிமாவில்தான் விழும். நான் போய் வரிசையில் நின்று, இரண்டு குடத்தையும் நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடி போட்டு மூடினேன். அதற்கப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

அந்தக் குரல் மறுபடி கேட்டது. அது அதட்டவே இல்லை. அது தண்ணீர் கேட்டது. நீள்ளு. நீள்ளு. தமிழ் நன்றாகத் தெரிந்த ஆளாகத்தான் இருந்திருப்பான். உயிர் போகிற நேரத்தில் நாக்கில் பெற்றவள் பேசிய பாஷைதான் வரும். பெட்டியின் களக் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. தண்ணீர் போகிறது என்று தெரிந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறான். தண்ணீர் ஓடிப் போயிருக்கிறது.

மோகினி பார்த்த ஆள்

மூன்று நாள் கழித்து லட்சுமியக்காவிடம் மெதுவாக விசாரித்தேன். பல வருஷத்துக்கு முன்னால் செண்பகத்தோப்புப் பக்கம் வெயிலில் விழுந்து கிடந்த ஆள் யாரையாவது தெரியுமா?

"நம்ம ஜெகநாதண்ணன்ல!" என்றார் பட்டென்று. "மோகினி அடிச்சுப் பொழச்ச ஆளு. ரெண்டு தெரு தள்ளி சைக்கிள் கடையில உக்காந்திருப்பாரு. கதையக் கேளு, ராத்திரி தூங்க மாட்ட."

பிழைத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக அன்றைக்குக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். பிறகுதான் சைக்கிள் கடைக்குப் போனேன்.

ஜெகநாதன் ஐம்பதை ஒட்டிய மனிதர். சிவந்த முகம். பேசும்போது நாக்கு லேசாகக் குழறியது. வலது கை நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது, மடியில் அதை இடது கையால் அமுக்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துத் தோப்புத் தோப்பாக நடந்தவராம். இப்போது வெயிலில் கொஞ்ச நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. அந்தக் கையின் ஆட்டத்தை நான் நர்ஸ் கண்ணால் பார்த்தேன். மூளை வரைக்கும் சூடு ஏறியிருக்கிறது. கொஞ்சம் முன்னால் தண்ணீர் கிடைத்திருந்தால் இது இருந்திருக்காது.

கதையைப் பலமுறை சொல்லிப் பழகியிருந்தார்.

"சைக்கிள் பஞ்சர் நர்சம்மா. சரி, நடந்தே போயிருவோம்னு தோப்பப் பாக்கப் போனேன். ஓடைக்குள்ள நெழலுக்கு எறங்குனவன்தான், எந்திரிக்க முடியல. அப்பத் தண்ணிச் சத்தம் கேக்குது. காஞ்ச ஓடையில தண்ணிச் சத்தம்! பாத்தா, மேல வெள்ளச் சேல. முக்காடு. மொகமே இல்ல. தண்ணிச் சத்தத்தோட போகுது. நான் தண்ணி தண்ணின்னு பத்து தடவ கத்துறேன். திரும்பலயே! ஓட்டமா ஓடிருச்சு."

கடையில் இருந்தவர்கள் வழக்கம்போல வாயைப் பிளந்தார்கள்.

"மோகினின்னு எப்படிச் சொல்றீக அண்ணாச்சி?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "மனுசின்னா நின்னுருப்பாளே."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வருஷம் பூராவும் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

பானை

லட்சுமியக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிழைத்து எழுந்ததிலிருந்து வருஷா வருஷம் சித்திரையில் ஜெகநாதன் அந்த மருதமரத்தடியில் ஒரு பானைத் தண்ணீர் வைத்துவிட்டு வருவாராம். யாருக்கு என்று கேட்டால், "அதுக்குத்தான்" என்பாராம். தெருவில் அவரை இதை வைத்தே கிண்டல் செய்வார்கள்.

அடுத்த சித்திரை வந்தது. அவர் கிளம்பப் போகிறார் என்று தெரிந்து அவர் வீட்டுக்குப் போனேன். "நானும் கூட வாரேன் அண்ணாச்சி. அந்தப் பக்கம் நான் வேலை பாத்த எடம், வழி தெரியும்" என்றேன். அவர் மனைவிக்கு நர்ஸ் துணைக்குப் போவதில் பெரிய நிம்மதி.

காலை முதல் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு புதுப்பானை, ஒரு டம்ளர் வாங்கினோம். வெயில் ஏறுவதற்குள் ஓடைக்குப் போய்விட்டோம். மருதமரம் அப்படியே நின்றது. அதன் நிழல் அதற்குக் கீழேயே ஒழுங்காகக் கிடந்தது. பக்கத்துத் தோப்புக் கிணற்றில் தண்ணீர் மோண்டு நான்தான் சுமந்து வந்தேன். பானையை மண்ணில் அழுத்தி வைத்தார். சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. அது எப்போது நிற்குமோ என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது.

"பேய்க்கு எதுக்கு அண்ணாச்சி தண்ணி?"

"தாகத்துல செத்ததாத்தான் இருக்கணும் நர்சம்மா. இல்லன்னா தண்ணிய வச்சுக்கிட்டு ஒருத்தனுக்குக் குடுக்காம ஏன் ஓடுது? அதுக்கே பத்தல. பாவம்."

பாவம் என்றார். என்னை.

அதற்கு மேல் தாங்கவில்லை. "அது நாந்தான் அண்ணாச்சி" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைச் சேலை, முக்காடு, மருந்துப் பெட்டி, நில்லு, நீள்ளு, இரண்டு தடவை, எல்லாம். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. அவர் தன் ஆடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும், அடிக்கட்டும், தெருவில் போய்ச் சொல்லட்டும் என்று நின்றேன். அந்தக் கையை நான்தான் அப்படி ஆக்கினேன். அதற்கு என்ன சொன்னாலும் தகும்.

பிறகு கேட்டார்.

"பெட்டிக்குள்ள தண்ணி இருந்துச்சா?"

"மருந்துக்குப் போட்ட ஐஸ் உருகுன தண்ணி. ஒங்களுக்குக் குடுத்துருக்கலாம்."

"நீங்க குடிச்சீகளா?"

"இல்ல. காலையில ஒரு டம்ளர் காப்பி. அவ்வளவுதான்."

"தண்ணியத் தோள்ல போட்டுக்கிட்டா?"

தலையாட்டினேன்.

"அப்ப நான் நெனச்சது சரிதான்" என்றார். "தாகத்துலதான் ஓடிருக்கு."

பானையில் டம்ளரை முக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். வலது கையால்தான் நீட்டினார். ஆட்டத்தில் பாதித் தண்ணீர் என் சேலையில் சிந்தியது. மீதியைக் குடித்தேன். கண்ணீரும் மூக்கும் கலந்து உப்புக் கரித்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி முக்கி நீட்டினார். அதையும் குடித்தேன். அப்புறம் நான் மோண்டு அவருக்குக் கொடுத்தேன்.

நாலு வார்த்தை, பெண்களுக்கு

இவ்வளவு படித்தவர்களுக்கு நர்சாக நாலு வார்த்தை சொல்லாமல் விட்டால் என் கட்டை வேகாது. வெயிலில் வியர்ப்பது நின்றால் வெயில் தணிந்தது என்று அர்த்தமில்லை. உச்சி வெயிலில் மயிர்க்கூச்செறிந்தால், காது அடைத்தால், பின்னால் யாரோ வருவதாகத் தோன்றினால் பூசாரியைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். உப்புப் போட்டுக் குடியுங்கள், நிழலில் உட்காருங்கள். ஒதுங்க இடமில்லை என்று குடிக்காமல் அலைகிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டு ஒரு கதவைத் தட்டுங்கள். உயிரை விட வெட்கம் ஒன்றும் உசத்தி இல்லை. முக்கியமாக, உங்கள் உடம்பு காய்ந்து கிடந்தால் பக்கத்தில் ஒருவர் கேட்பதுகூட உங்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே ராஜபாளையம் திரும்பிவிட்டோம். எங்கள் தெருவில் குழாய் திறக்கிற நாள். பஸ்ஸிலிருந்து நேராகக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெகநாதன் தன் வீட்டுக்குப் போகிற வழியில் குழாயடியைத் தாண்டிப் போனார். லட்சுமியக்கா விடுவாரா?

"என்ன ஜெகநாதண்ணே, பானைய வச்சாச்சா? இந்த வருசமாவது மோகினி வந்துச்சா?"

அவர் நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வந்துச்சு. நின்னுச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சுச்சு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழாயில் காற்று இரைந்தது. யாரோ "நீள்ளு! நீள்ளு!" என்று கத்தினார்கள். எல்லாரும் ஓடினார்கள். நான் குடத்தோடு அங்கேயே, அவர் தெரு முனை திரும்பும் வரை, நின்றுகொண்டிருந்தேன்.